புதுப்பிப்பு: திரும்பி வந்த பவர் பேங்க் பார்சல்

மதுரையிலிருந்து டெல்லியில் இருக்கும் தங்கைக்கு விமானப் பார்சலில் அனுப்பிய பவர் பேங்க், ஸ்கேனிங்கில் பிடிபட்டுத் திரும்பி வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் இப்போது புரிந்துவிட்டது.

20,000 மில்லி ஆம்பியர் அவர் கொள்ளளவு அதிகம் என்று பலர் சொன்னீர்கள். 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட் அவர்தான் (பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவு). 100 வாட் அவர் என்ற வரம்புக்குள் வருகிறது. சிக்கல் வேறு இடத்தில். விதிப்படி பவர் பேங்க் ஒரு சாதனம் அல்ல, தனி பேட்டரி (ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் யூஎன் 3480). தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் போகலாம், ஆனால் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதனால் இந்த முறை உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லி, லாரியில் போகும் சேவையில் அனுப்பினேன். உலோகம் எதுவும் உரசாதபடி தனி பிளாஸ்டிக் உறை, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் அட்டை, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் பெட்டி, வெளியே, உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதைக் காட்டும் குறியீடு. நேற்று கிடைத்துவிட்டது.

அப்புறம், உப்பிப்போன போன் பேட்டரியை அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: விமானத்தில் அதற்கு இடமே இல்லை. தயவுசெய்து எந்தப் பார்சலிலும் வைத்துவிடாதீர்கள்.