மாவுப் பாத்திரமும் அட்டுவானின் இருட்டும்

குழு: கிணற்றடி வீடு
சனிக்கிழமை

அம்மா, காலை 6:48
[படம்]
நேற்று இரவு பத்தரை மணிக்கு எங்கள் சமையலறை இருந்த கோலத்தைப் பாருங்கள். நான்கு நாளைக்கு என்று அரைத்து வைத்த இட்லி மாவு.

மதுரைச் சித்தி, 6:51
ஐயோ! பூனையா?

அம்மா, 6:52
பூனை இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்திருக்கிறாள். கேட்டால், கதைப் புத்தகத்தில் அப்படித்தான் வருகிறதாம். புத்தகத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

நான், 7:05
வாசலிலிருந்து இடது கைச் சுவர், இரண்டாவது திறப்பில் வலப்பக்கம், பதினோரு அடி, மறுபடியும் இடப்பக்கம். அதுவரை ஒரு பிழையும் இல்லை. மாவுப் பாத்திரத்தைத் தரையில் வைத்திருப்பார்கள் என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

அம்மா, 7:06
ஆமாம், குற்றமெல்லாம் பாத்திரத்தின் மேல்தான்.

பெரியப்பா, 7:10
வழக்கைப் பிறகு விசாரிக்கலாம். என்ன புத்தகம் அம்மா அது?

நான், 7:19
உர்சுலா லெ குவின் எழுதிய 'அட்டுவானின் கல்லறைகள்', பெரியப்பா. 1971இல் வந்தது. எர்த்சீ என்ற தீவுக்கூட்ட உலகத்தைப் பற்றிய இரண்டாவது நாவல். டெனார் என்று ஒரு சிறுமி. பழைய தலைமைப் பூசாரி இறந்த அதே இரவில் பிறந்ததால் அவளுடைய மறுபிறவி இவள்தான் என்று ஐந்து வயதில் பாலைவனத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆறு வயதில் ஒரு சடங்கு. கழுத்தை வெட்டுவதுபோல் ஒருவன் வாளை ஓங்குகிறான், கடைசி நொடியில் இன்னொருவர் தடுக்கிறார். அதோடு அவள் பெயர் போய்விடுகிறது. இனி அவள் ஆர்ஹா. விழுங்கப்பட்டவள் என்று பொருள். கோயிலுக்கு அடியில் ஒரு சுரங்கப் புதிர்ப்பாதை இருக்கிறது. அதற்கு அவள்தான் எஜமானி. நுழைவிடத்துக் குகையில் விளக்கே ஏற்றக் கூடாது. எத்தனையாவது திறப்பு, எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்து கையால் தடவித்தான் நடக்க வேண்டும்.

சென்னை அண்ணன், 7:31
👍

பெரியப்பா, 7:32
கட்டைவிரலுக்கு மதிப்பெண் கிடையாது. வாக்கியமாக எழுது.

சென்னை அண்ணன், 7:40
சரி, வாக்கியம். கல்லூரியில் படித்தபோது நானும் அதைப் படித்தேன். பாதிப் புத்தகம் வரை ஒன்றுமே நடப்பதில்லை. கெட் என்கிற மந்திரவாதி திருட வந்த பிறகுதான் கதை நகர்கிறது. சாகசக் கதை என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், ஏழு கடல் ஏழு மலை தாண்ட வேண்டும். இவள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். கடைசியில் அவன் வந்து காப்பாற்றுகிறான். முதல் புத்தகம் இதைவிட எவ்வளவோ மேல்.

நான், 7:44
அவன் காப்பாற்றவில்லை!!

நான், 7:52
அண்ணா, நீ அவசரமாகப் படித்திருக்கிறாய். உடைந்த மோதிரத்தின் ஒரு பாதி கெட்டிடம் இருக்கிறது. மறுபாதியைத் தேடித்தான் சுரங்கத்துக்குள் வருகிறான். அவள் கதவை மூடிவிடுகிறாள். அவ்வளவுதான், வழி தெரியாமல் தாகத்தில் விழுந்து கிடக்கிறான். பெரிய மந்திரவாதிக்கு ஒரு குவளைத் தண்ணீரை வரவழைக்க முடியவில்லை. அவள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில்தான் பிழைக்கிறான். சுரங்கத்தின் வழிகள் அவள் தலைக்குள் இருக்கின்றன, அவனிடம் வரைபடம்கூடக் கிடையாது. அவன் தந்தது ஒன்றே ஒன்று, அவளுடைய பழைய பெயர்.

கோவை அத்தை, 8:03
என் கட்சி உன் பக்கம். ஆனால் அவளை ரொம்ப நல்லவளாக ஆக்கிவிடாதே. கெட் வருவதற்கு முன்னால் மூன்று கைதிகளை என்ன செய்தாள் என்பதையும் சொல்.

நான், 8:06
சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிடச் சொன்னாள். அதன் பிறகு அவளுக்குக் கெட்ட கனவாக வரும். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன் அத்தை.

மதுரைச் சித்தி, 8:07
இதையெல்லாமா குழந்தைகளுக்கு எழுதுகிறார்கள்?

கோவை அத்தை, 8:11
எழுதி, 1972இல் சிறுவர் நூல்களுக்கான அமெரிக்காவின் நியூபெரி விருது மதிப்புப் பட்டியலிலும் இடம் பிடித்தார்கள். அந்த மூன்று பேர் இல்லையென்றால் நான்காவதாக வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு என்ன மதிப்பு இருக்கிறது?

பாட்டி, 8:20
[குரல் பதிவு 0:47]

மதுரைச் சித்தி, 8:24
அலுவலகத்தில் இருப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். பாட்டி கேட்கிறார்: "ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்களே, பெற்றவள் சும்மாவா இருந்தாள்? தேடி வரவில்லையா?"

நான், 8:30
வரவில்லை பாட்டி. கதையின் முதல் பக்கத்தில் ஆப்பிள் தோட்டத்தில் பிள்ளை ஓடுகிறாள், அம்மா வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். அப்பா, போகப்போகிற பிள்ளைமேல் ஏன் மனத்தை வைக்கிறாய் என்று எரிந்து விழுகிறார். அதோடு அம்மா நேரில் கதையில் வருவதில்லை.

பெரியப்பா, 8:41
நம் ஊரில் மட்டும் என்ன? கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடுவதைச் சட்டம் போட்டு நிறுத்த 1947 ஆயிற்று. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் எத்தனை ஆண்டுகள் வாதாடினார்.

கோவை அத்தை, 8:49
அதைவிட நெருக்கமாக எனக்குப் படுவது காத்மாண்டு குமாரி. ஷாக்கியர் குலத்துச் சிறுமியைத் தேர்ந்தெடுத்துத் தெய்வமாக வைப்பார்கள், கால் தரையில் படாமல் தூக்கிச் செல்வார்கள். ஆனால் பூப்பெய்தியதும் தெய்வம் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டெனாருக்கு அந்த வாசலும் கிடையாது. செத்தாலும் மறுபடி அவளாகவே பிறந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டும்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. லெ குவினின் தந்தை குரோபர் மானிடவியல் அறிஞர். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு ஒரு பழங்குடி மனிதர் தன்னந்தனியாக வந்து சேர்ந்தார். யாஹி மக்களில் எஞ்சியவர் அவர் ஒருவரே. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை, சொல்லித்தரவும் வேறு யாரும் உயிரோடு இல்லை. குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் மனிதன் என்று அர்த்தம். 1916இல் அவர் இறந்தபோதும் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. லெ குவின் பிறந்தது 1929இல். அவருடைய தாய்தான் 1961இல் இஷியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அந்த வீட்டில் வளர்ந்தவர் பெயரைப் பறித்தால் என்ன ஆகும் என்று நாவல் எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சென்னை அண்ணன், 8:58
இது எனக்குத் தெரியாது. ஆனாலும் முதல் பாதி மெதுவாகத்தான் போகிறது.

நான், 9:10
மெதுவாகப் போனால்தானே அண்ணா அந்த வெளிச்சம் பிடிபடும்! விளக்கு கூடாத குகைக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு கரடுமுரடான கல் குகை, அவ்வளவுதான். ஒரு நாள் உள்ளே போகிறாள், தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிகிறது. கெட்டின் கைத்தடி நுனியில் மந்திர வெளிச்சம். சுவரெல்லாம் படிகம். கூரையெல்லாம் மின்னுகிறது. தன்னுடைய இடம் இத்தனை அழகு என்று அவளுக்கு இதுவரை தெரியாது, காட்டியவனோ திருடன். கோபம் வருமா, வராதா?

நேற்று நான் விளக்கை அணைத்ததும் அதற்காகத்தான். மாவு கொட்டியவுடன் அம்மா விளக்கைப் போட்டாள். தரை முழுக்க வெள்ளை வெளேர் என்று பளபளத்தது. ஒரு நொடி அழகாகத்தான் இருந்தது.

அம்மா, 9:12
துடைத்தவளைக் கேள், எவ்வளவு அழகு என்று.

அம்மா, 9:26
அது இருக்கட்டும். இவ்வளவு பேசுகிறாயே, கல்லறைகள் இடிந்து, மலையெல்லாம் தாண்டி, கடற்கரைக்கு வந்து சேர்ந்த பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தவனைக் குத்த ஏன் கத்தியை எடுத்தாள்? அதை ஒருவரும் சொல்லவில்லையே.

நான், 9:27
அம்மா!!! பீரோவில் வைத்ததைப் படித்தாயா?

மதுரைச் சித்தி, 9:27
😂😂

பெரியப்பா, 9:28
எதிர்த்தரப்பு வக்கீலே சாட்சி ஆகிவிட்டார்.

அம்மா, 9:35
என்னதான் அப்படி எழுதியிருக்கிறது என்று புரட்டினேன். மணி இரண்டாகிவிட்டது. சிறிய புத்தகம்தானே.

சென்னை அண்ணன், 9:37
சித்தி, நீங்களே பதில் சொல்லுங்கள். எனக்கும் அந்த இடம் புரியவில்லை. அத்தனை தூரம் கூடவே வந்தவன்மேல் ஏன் அந்தக் கோபம்?

அம்மா, 9:51
அங்கே அவளுக்கு எல்லாம் தெரியும். இருட்டிலும் எந்தத் திறப்பு எங்கே என்று தெரியும். எல்லோரும் பணிந்து நிற்பார்கள். இங்கே கடற்கரையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண், அவ்வளவுதான். அவனுக்கோ போகுமிடம் தெரியும், படகு ஓட்டத் தெரியும். அவள் இருந்த இடம் நரகமாகவே இருக்கட்டும், அதைவிட்டால் அவளிடம் வேறென்ன இருந்தது? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் நான் இவள் அப்பாவிடம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டேன். பிறந்த வீட்டில் அரிசிப் பானைக்கு எத்தனை அடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இங்கே பால் எங்கே வாங்குவது என்றுகூட இவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் நல்லவராக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோவை அத்தை, 9:54
❤️

அப்பா, 9:58
அந்த முதல் மாதத்துக் காரணம் எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

பாட்டி, 10:05
[குரல் பதிவு 0:21]

மதுரைச் சித்தி, 10:07
பாட்டி: "கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள்? ராணி ஆனாளா?"

கோவை அத்தை, 10:15
இல்லை அம்மா. மோதிரத்தோடு ஹாவ்னோர் என்ற பெரிய நகரத்தில் வந்து இறங்குகிறாள், ஊரே திரண்டு பார்க்கிறது, அதோடு முடிகிறது. 19 ஆண்டு கழித்து, 1990இல், லெ குவின் அவளை மறுபடி எழுதினார். அதில் அவள் மலைநாட்டில் ஆடு வளர்க்கும் ஒரு விதவை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். தீயில் சுட்டு எறியப்பட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்ல புத்தகம்.

பாட்டி, 10:21
[குரல் பதிவு 0:14]

மதுரைச் சித்தி, 10:22
"அதையும் வாங்கி வை. லீவுக்கு வரும்போது பிள்ளை எனக்குப் படித்துச் சொல்லட்டும்."

அம்மா, 10:24
திங்கட்கிழமை கணக்குத் தேர்வு இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் புத்தகம் பீரோவைவிட்டு வெளியே வரும். இன்றைக்குக் காலை உப்புமா.

சென்னை அண்ணன், 10:26
முதல் பாதியை இன்னொரு முறை படித்துவிட்டு வருகிறேன்.

நான், 10:27
விளக்கை அணைத்துவிட்டுப் படி அண்ணா.