தெர்மாமீட்டரில் பாதரசம் அறுந்து நிற்கிறது, சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டர், மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை அளப்பது. டிராயரில் படுக்கவைத்திருந்தோம். இப்போது 40-க்குப் பக்கத்தில் பாதரச இழை அறுந்து, 3 டிகிரி நீளத் துண்டு மேலே தனியாக நிற்கிறது. ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் சேருமா?

பதில் 1:
விளக்கு வேண்டவே வேண்டாம் சார். சூடு 110-ஐத் தாண்டினால் பாதரசம் போக இடமின்றிக் குமிழ் வெடித்துவிடும். இதைக் குளிர்வித்துத்தான் சேர்க்க வேண்டும். பொடித்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து, குமிழை மட்டும் அதில் செருகி நிமிர்த்திப் பிடியுங்கள். பாதரசம் முழுக்கக் குமிழுக்குள் இறங்கியதும், நாலாக மடித்த துண்டின்மேல் அடிப்பக்கத்தை மெல்லத் தட்டுங்கள். இடையிலிருந்த வாயு மேலேறிவிடும். பிறகு நிமிர்த்தியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஒரே தடவையில் சேராவிட்டால் மறுபடி செய்யுங்கள். எல்லாவற்றையும் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டின்மேல் செய்வது நல்லது.

பதில் 2:
சேர்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து நம்பிவிடாதீர்கள். குமிழின் ஓரத்தில் துளி வாயு தங்கினாலும் அளவு தவறும். காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸைப் பொடித்து, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் அதே நீர் விட்டு, 0 கோடு வரை செருகிச் சில நிமிடம் பொறுங்கள். தண்டைச் சுற்றி ஒரு வளையக் கோடு இருந்தால் அதுவரை மட்டும் செருகுங்கள். கண்ணை இழை நுனிக்கு நேராக வைத்துப் படியுங்கள். 0-இலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் பாடத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். கொதிநீரில் சரிபார்ப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும்.

பதில் 3:
தட்டும்போது உடைந்தால்: பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஃபேன், ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் வெள்ளையாகிவிடும். துடைப்பம் துளியைப் பல துளியாக்கும், வேக்குவம் கிளீனர் ஆவியைக் காற்றில் பரப்பும். கையுறை போட்டு, இரண்டு கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, டிராப்பரால் உறிஞ்சுங்கள். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் மிச்சத் துளிகள் பளிச்சென்று தெரியும். அவற்றை ஒட்டுடேப்பால் எடுங்கள். எல்லாம் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போகட்டும். வாஷ்பேசினில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டிராயரில் இருக்கும் மற்றவற்றை இன்றே ஸ்டாண்டில் நிமிர்த்தி வைக்கிறோம்.