மகனிடம் ஏன் என்று கேட்க எனக்கு மூணு வருஷம் ஆனது

கோத்தகிரி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிள்ளைகள் திருச்சபையை விட்டுப் போக செல்போன்தான் காரணம் என்கிறீர்கள். என் அனுபவம் வேறு அக்கா.

போன சீசனில், ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இங்கிலாந்துப் பெரியவர் ஒருவர் பாசி படர்ந்த ஒரு கல்லைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். கொள்ளுத்தாத்தாவின் கல்லறையாம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், பேச்சு வளர்ந்தது. உள்ளே கூட்டிப்போய் உத்தரங்களைக் காட்டினேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம், 1830-ல் பிரதிஷ்டையான ஆலயம். அண்ணாந்து பார்த்தவர், "எங்கள் ஊர் ஆலயத்தை விற்று வீடாக்கிவிட்டார்கள். நானும் நம்பிக்கையை விட்டு 40 வருஷமாகிறது" என்றார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-ல் 59.3 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள், 2021-ல் 46.2 சதவீதம்தான். அறிவியல் வந்ததும் கடவுள் போய்விட்டார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெரியவர் சொன்னது அதுவல்ல. சிறுவயதில் அவருக்குக் காட்டப்பட்ட கடவுள், நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி, மேலே நின்று தப்புக் கணக்கு எழுதுகிறவர். வளர்ந்ததும் அந்தக் கங்காணியை விட்டார். வேறு கடவுளை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

அன்று ராத்திரி பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். மூணு வருஷமாக அவன் ஆராதனைக்குப் போவதில்லை. எப்போதும் திட்டுவேன். அன்றைக்குத்தான் "ஏன்பா?" என்று கேட்டேன்.

"அப்பா முடியாம கிடந்தப்ப ஜெபிக்க வந்தவங்க, இந்த வீட்ல விசுவாசம் குறைவு, அதான் சுகமாகலைன்னு சொன்னாங்கம்மா. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

அப்போது அவனுக்கு 14 வயசு. அவன் காதில் விழுந்தது எனக்குத் தெரியாது. நானும் தலை குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பைபிளில், துன்பத்தில் கிடந்த யோபுவிடம் அப்படிப் பேசின சிநேகிதர்கள் மேல்தான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. யோபு புத்தகம் 42-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஹிட்லரின் சிறையில் இருந்த போதகர் போன்ஹோஃபர் 1944-ல், பாடுபடுகிற கடவுளால்தான் நமக்கு உதவ முடியும் என்று எழுதினார். மறுவருஷம் அவரைத் தூக்கிலிட்டார்கள். இதையெல்லாம் மகனிடம் சொல்லி, "அவங்க பேசினது தப்புப்பா, ஆண்டவர் அப்பா கட்டில் பக்கத்துலதான் இருந்தார்" என்றேன்.

ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "இதை அப்பவே அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.