வெனிசுவேலா 1843 செப்புக்காசு, புளி போட்டு மினுக்கலாமோ?

உவர்மலைப் பொடியன்:
கப்பல்ல வேலை செய்த சித்தப்பாட பழைய பெட்டிக்குள்ள வெனிசுவேலா செப்புக்காசு ஒண்டு கிடந்தது, 1843, ஒரு சென்டாவோ. ஒரு பக்கம் பொம்பிளைத் தலை, தலைப்பட்டியில லிபர்தாத் (ஸ்பானிஷ்ல சுதந்திரம்) எண்டு எழுத்து. நல்லாக் கறுத்து, ஓரத்தில கொஞ்சம் பச்சை. அம்மா குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டு மினுக்கித் தாறன் எண்டு நிக்கிறா, குடுக்கலாமோ? இப்பிடிக் காசு சேர்க்கிறதெண்டா வேற எதைத் தேடுறது?

காசுக்கிறுக்கன்:
ஐயோ தம்பி குடுக்காதீங்கோ!! அந்தக் கறுப்புத் தோல் போச்செண்டா சேர்க்கிறவன் ஒருத்தனும் திரும்பியும் பாக்கமாட்டான். வெனிசுவேலா கிரான் கொலம்பியா எண்ட பழைய கூட்டு நாட்டை விட்டுப் பிரிஞ்சது 1830ல, பிறகு 1843ல கால், அரை, ஒரு சென்டாவோ எண்டு மூண்டு செப்புக்காசு லண்டன் ராயல் மின்ட் எண்ட காசு அடிக்கிற ஆலையில அடிப்பிச்சவங்கள். லென்ஸ் வச்சுக் கழுத்தடியில டபிள்யூ டபிள்யூ தெரியுதோ பாருங்கோ, அது காசுக்கு அச்சுச் செதுக்கின வில்லியம் வையன்ட முதலெழுத்து. எங்கட கால் பார்திங் எண்ட குட்டிச் செப்புக்காசில இருக்கிற இளம் விக்டோரியா தலையும் அந்தாள் செதுக்கினதுதான். அது 1839லயும் பிறகு 1851 தொடக்கம் 1853 வரையும் இலங்கைக்கெண்டே அடிச்ச காசு, ஆனா அதில இலங்கை எண்டு ஒரு எழுத்துக்கூட இல்ல, அதால நம்மட ஆக்களே வெள்ளைக்காரன்ட சில்லறை எண்டு ஒதுக்கிப்போடுவினம் (எனக்கு அதில நல்ல லாபம், ஹிஹி). என்னைக் கேட்டா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைக்கோணும்.

நிலாவெளி அக்கா:
அந்தப் பச்சை என்ன மாதிரி? வெளிறின தூளா உதிர்ந்தா உப்புக்காத்து வேலை, அது அரிச்சுக்கொண்டே போகும், மற்றக் காசுகளோட வைக்காதீங்கோ. பிசுபிசு எண்டு இருந்தா பிவிசி பிளாஸ்டிக் உறையால வந்தது, சுத்தமான அசிட்டோன்ல ஊறப்போட்டா கழண்டிடும், ஆனா நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வேண்டாம், அதில எண்ணெயும் வாசமும் கலந்திருக்கும். திருமலைக் காத்துக்கு இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம் வேணும்.

உவர்மலைப் பொடியன்:
டபிள்யூ டபிள்யூ இருக்கு அண்ணா!! அக்கா, பச்சை பிசுபிசுதான், பழைய பிளாஸ்டிக் உறைக்குள்ளதான் கிடந்தது.

சீனக்குடா:
வேற எண்டா புவனோஸ் ஐரிஸ் 1822, 1823 தெசிமோ எண்ட செப்புக்காசு பாருங்கோ, பர்மிங்காம்ல போல்டன்ட ஆலையில அடிச்சது. சிலி 1835 நட்சத்திரக் காசு வடிவு. பராகுவே 1845, ஒரு ரியால்ல பன்னிரண்டில ஒரு பங்குக் காசு, சிங்கம் இருக்கும், என்ட ஆசை அதிலதான். ஒன்லைன்ல வாங்கிறெண்டா முதல்ல நிறையைக் கேளுங்கோ, நிறை சொல்லாதவனிட்ட வாங்காதீங்கோ, கையில கிடைச்சதும் காந்தம் வச்சுப் பாருங்கோ, ஒட்டினா செப்பில்ல.

உவர்மலைப் பொடியன்:
ஆரிட்டயும் கால் பார்திங் மேலதிகமா இருக்கோ? மாத்த எண்டா என்னட்ட ரெண்டு இலங்கை யானைக்காசு இருக்கு, 1815.