வெல்டிங் தாங்கியது, பக்கத்து உலோகம் கைவிட்டது

பராமரிப்புப் பிரிவு:
நீராவிச் சுழலி ஒன்று அதிர்வு திடீரென ஏறித் தானாக நின்றது. மேல் மூடியைக் கழற்றினால், கடைசி வரிசையில் ஒரு பிளேடு (நீராவி தள்ளிச் சுழலும் இதழ்) பாதியில் முறிந்திருந்தது. முந்தைய பராமரிப்பில் அதன் முன்விளிம்பில் ஸ்டெல்லைட் என்ற தேய்மானம் தாங்கும் கடின உலோகக் கலவைப் பட்டையைப் பற்றவைத்திருந்தார்கள். உடனே எல்லோரும் வெல்டர் மீது பாய்ந்தார்கள். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டை அசையாமல் ஒட்டியிருந்தது! வெல்டிங் முடியும் ஓரத்தை ஒட்டிப் பிளேடுதான் பிளந்திருந்தது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பு, ஒரு புள்ளியிலிருந்து விரியும் மெல்லிய வளைகோடுகள், மிச்சம் சொரசொரப்பு. விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உலோக ஆய்வகம்:
12 சதவீதக் குரோமிய எஃகா? அப்படியென்றால் வியப்பில்லை. வெல்டிங் சூடு பட்டுச் சட்டென ஆறினால், பக்கத்து உலோகம் கடினமாகி எளிதில் முறியக்கூடியதாகிவிடும். எலக்ட்ரோடில் (வெல்டிங் குச்சியில்) ஈரம் இருந்தால் ஹைட்ரஜனும் உள்ளே புகும். பிறகு விரிசல் உடனே விட வேண்டும் என்பதில்லை, மறுநாள்கூட விடும். வேலை முடிந்த கையோடு சோதித்து 'குறையில்லை' என்று கையெழுத்திடுவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. எங்களிடம் வந்த ஒரு பிளேடில் கடினத்தன்மையை அளந்தபோது, வெல்டிங்கை ஒட்டிய இடம் விக்கர்ஸ் அளவில் 400-ஐத் தாண்டியது. சற்றுத் தள்ளினால் மளமளவென இறங்கியது. முன்சூடு கொடுத்திருந்தார்கள். வெல்டிங்குக்குப் பின் மீண்டும் சூடேற்றிக் கடினத்தைத் தணிக்கும் வெப்பப் பதத்துக்குத்தான் நேரமில்லையாம்.

அதற்காக வெல்டிங்கே ஆகாது என்று சொல்லிவிட வேண்டாம். வட்டுகளைப் பற்றவைத்தே உருவாக்கிய ரோட்டார்கள் (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தண்டுகள்) பல்லாண்டுகளாக ஓடுகின்றன.

அதிர்வு ஆய்வாளர்:
கணக்கையும் பாருங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று, மையத்திலிருந்து அரை மீட்டர் என்றால், 100 கிராம் துண்டு சுமார் 500 கிலோ சுமைபோல வெளியே இழுக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால் இழுவை 21 சதவீதம் கூடும். அந்த இழுவையோடு, வெல்டிங் ஆறும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும் சேர்கிறது. இதன் மேல், சுற்றுக்கு ஒரே ஒரு அசைவு வந்தாலும் நாளொன்றுக்கு 43 லட்சம் அசைவுகள்! ஓரத்தில் நகக்கீறல் அளவு பள்ளம் இருந்தால் விரிசலுக்கு அதுவே வாசல்.

பலரும் மறப்பது இன்னொன்று: பற்றவைத்த பிளேடின் எடையும் விறைப்பும் மாறும், தட்டினால் அது தானாக அதிரும் வேகமான இயல்பு அதிர்வெண்ணும் நகரும். ஒருமுறை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனபோது, பழுது பார்த்த பிளேடு மட்டும் வேறு சுருதியில் ஒலித்தது. ஓடும் வேகத்தின் மடங்குக்கு அது மிக நெருங்கியிருந்தது; அப்படி நெருங்கினால் அதிர்வு பெருகும் என்பதால் மாற்றச் சொன்னோம்.

உங்கள் பிளேடைப் பற்றவைத்த பின் தட்டிப் பார்த்தார்களா? அந்த அளவுகள் இருந்தால் பகிருங்கள்.

பராமரிப்புப் பிரிவு:
கோப்பில் பாலன்சிங் (எடைச் சமநிலை) அறிக்கை மட்டுமே இருக்கிறது, ஐயா. தட்டிப் பார்த்ததற்கான பதிவே இல்லை.