புது கார், தவறிய முதல் ஆயில் மாற்றம்: புதுப்பிப்பு

முதல் ஆயில் மாற்றத்துக்கான கெடு தாண்டிவிட்டது, வாரண்டி போய்விடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது, வாரண்டியும் அப்படியே இருக்கிறது.

கிலோமீட்டர் கணக்கில் நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். மாதக் கணக்குதான் தாண்டியிருந்தது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு என்று கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கார் பெரும்பாலும் நின்றே கிடந்தாலும் ஆயிலுக்கு வயதாகும். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும்.

மெக்கானிக் பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கறுப்பாகத்தான் வந்தது. கறுப்பு மட்டும் பயப்படும் விஷயமில்லை என்றார். விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார்: மெல்லிய வெள்ளி மினுமினுப்பு. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள்தானாம். கண்ணுக்குத் தெரிகிற செதிலாக வந்திருந்தால்தான் கவலை.

அப்புறம் வாரண்டி. என் கையேட்டின்படி, பராமரிப்பு இல்லாததால் வந்த பழுதுக்குத்தான் மறுப்பு. நாளைக்கு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம், இதே ஆயிலை நம்பித்தான் சுழல்கிறது) போனால் கேள்வி வரலாம். ஏசி, கண்ணாடி மோட்டாருக்கு ஆயில் தாமதத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் கையேட்டில் வேறு மாதிரி இருக்கலாம், அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பின்னால் கேள்வி வந்தால் காட்ட, பில்லில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் தரம் மூன்றையும் எழுதச் சொல்லி வாங்கினேன். முதலில் ‘ஆயில் சர்வீஸ்’ என்று மொட்டையாகத்தான் எழுதினார்கள்.