நீல் தீவில் ஸ்கூட்டர் எடுக்காமல் நாலு நாள்: ஓட்டக்காரர்களுக்கு எப்படித் திட்டம் போடலாம்?

கேள்வி: மெதுஓட்டம்

பிப்ரவரி நடுவில் நாலு பேர் அந்தமான் போகிறோம். இரண்டு பேருக்கு அரை மாரத்தான் பயிற்சி நடக்கிறது, மற்ற இரண்டு பேர் நடப்பதோடு சரி. வண்டி வாடகைக்கு எடுக்காமல், தங்கும் இடத்திலிருந்து கடற்கரை, கடைத்தெரு எல்லாம் காலாலேயே எட்ட வேண்டும். ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு) நல்லதா, நீல் (ஷஹீத் தீவு) நல்லதா? ஒரு நாள் 16 கி.மீ. நீள ஓட்டம் கட்டாயம் வேண்டும். ஒரு நாள் ஸ்கூபாவும் (காற்று உருளையோடு கடலுக்குள் முங்குவது) ஆசை. எங்கள் எல்லோருக்கும் பெங்களூரு குளிர்க்காற்றில் ஓடித்தான் பழக்கம்.

பதில் 1: உப்புக்காற்று

நீல்தான். ஹேவ்லாக்கில் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு ஏறக்குறைய 12 கி.மீ., நடுவில் காட்டுக்குள் ஏற்ற இறக்கம் வேறு. ஓடுகிற இருவருக்கு அது கொண்டாட்டம், நடக்கிற இருவருக்குத் தண்டனை. நீலில் துறையை ஒட்டியே பரத்பூர் கடற்கரை. அருகிலேயே நீல் கேந்திரா கடைத்தெரு. மேற்கே லக்‌ஷ்மண்பூர் சுமார் 2 கி.மீ., கிழக்கே சீதாபூர் சுமார் 5 கி.மீ. ராமாயணப் பெயர் வைத்த ஊர்களை ஒரே நாளில் நடந்தே முடித்துவிடலாம். கேந்திரா பக்கம் அறை எடுங்கள். சீதாபூரில் எடுத்தால் சாப்பாட்டுக்கே ஆட்டோ தேட வேண்டிவரும்.

திட்டத்தை முதலில் சூரியனை வைத்துப் போடுங்கள். இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு அவ்வளவு கிழக்கே இருக்கும் இடம் அது. பிப்ரவரி நடுவில் காலை 5:40-க்கெல்லாம் சூரியன் மேலே வந்துவிடும், மாலை 5:25-க்குள் மறையும். சென்னையைவிட 50 நிமிடம் முன்னால். ‘ஆறரைக்கு எழுந்து ஓடலாம்’ என்று போகிறவர்கள்தான் வெந்து திரும்புகிறார்கள். 5 மணிக்குக் கிளம்பினால் சீதாபூரில் உதயம் பார்த்துவிட்டு, முதுகில் வெயில் விழ விழத் திரும்பலாம். அதுவே 10 கி.மீ. ஆகிவிடும். மீதிக்கு லக்‌ஷ்மண்பூர் போய் வந்தால் 14. கடைசி இரண்டு கிலோமீட்டரைக் கேந்திராவைச் சுற்றியுள்ள வயல் பாதைகளில் முடியுங்கள். நான் சொன்ன தூரமெல்லாம் தோராயம்தான், உங்கள் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

தலைவிளக்கு கட்டாயம். சாலை குறுகல், விடியுமுன் மீன் வண்டிகளும் ஸ்கூட்டர்களும் வரும். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்துவிடுங்கள், ஓடினால்தான் அதற்கு விளையாட்டு.

பதில் 2: உப்புக்கணக்கு

பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும், அதனால் உடம்பு குளிராது. உடம்பு இதற்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். உங்களிடம் இருப்பது நாலு நாள். ஆகவே வழக்கமான வேகத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, இதயத்துடிப்பைப் பார்த்தோ, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்த்தோ ஓடுங்கள்.

கிளம்புமுன் ஒரு சோதனை. ஓட்டத்துக்கு முன் ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.5 லிட்டர். தீவில் இது இன்னும் கூடும். அத்தனையையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் உள்ளே போனால் போதும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், கைவிரல் வீக்கம் வரும்.

இளநீர் எங்கும் கிடைக்கும், குடியுங்கள். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே ஓஆர்எஸ் பொடி எடுத்துப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பொடி 1 லிட்டருக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் வழக்கமான தப்பு, வயிற்றைக் கலக்கிவிடும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட் தனியாகக் கிடைக்கிறது, பயணத்துக்கு அதுதான் வசதி.

தொடை, அக்குள், மார்புக் காம்பு மூன்றுக்கும் வாசலின். ஷூ இரண்டு ஜோடி. ஒரு தடவை நனைந்தது அந்த ஈரக்காற்றில் மறுநாள் காலைக்குள் காயாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஓரளவு தேறும்.

பதில் 3: வற்றம்

மணலில் ஓடும் ஆசை இருந்தால் போர்ட் பிளேருக்கான கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நேரம் தினமும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். கடல் வற்றும்போது இறுகிய ஈர மணல் கிடைக்கும், ஏறும்போது கால் புதையும் சரிவுதான் மிஞ்சும். சரிவில் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க முழங்காலும் இடுப்பும் வலிக்கும். போன வழியிலேயே திரும்பினால் சரிவு மறுபக்கம் மாறிச் சமமாகிவிடும்.

வெறுங்காலில் முதல் நாள் 10 நிமிடம் போதும், இல்லாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பரத்பூரிலும் லக்‌ஷ்மண்பூரிலும் செத்த பவளத் துண்டுகள் கிடக்கும். கீறினால் சுத்தமான தண்ணீரில் துகள் போகும்வரை கழுவுங்கள், விட்டால் சீழ் பிடிக்கும். நடக்கிற இருவருக்கு லக்‌ஷ்மண்பூரின் இயற்கைப் பாறைப் பாலம் நல்ல இலக்கு, அதுவும் வற்றத்தில் மட்டும். பாறையெல்லாம் வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. சிப்பியோ பவளமோ பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

மெதுஓட்டம்

நன்றி. ஸ்கூபாவை நீள ஓட்டத்துக்கு முன்னால் வைக்கவா, பின்னால் வைக்கவா? திரும்பும் விமானத்தை, நீலிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வரும் நாளிலேயே போடலாமா?

பதில் 4: கரைகாற்று

ஓட்டம் முதலில். முங்கி எழுந்தபின் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். கடும் ஓட்டம் அதைக் குமிழியாக்கக்கூடும். முங்கும் நாளில் முன்னும் பின்னும் நடையோடு நிறுத்துங்கள். முந்தின நாள் இழந்த நீரையும் ஈடுகட்டியிருக்க வேண்டும். வந்த நாள் மாலை நடை, 2-ஆம் நாள் மெதுவாக 6 கி.மீ., 3-ஆம் நாள் 16, 4-ஆம் நாள் காலை ஸ்கூபா, 5-ஆம் நாள் கப்பல், 6-ஆம் நாள் விமானம். ஒரே முங்கலென்றால் பறக்குமுன் குறைந்தது 12 மணி நேரம், பல முங்கலென்றால் 18. இந்த வரிசையில் அது தானாகவே கிடைத்துவிடும்.

கப்பல் வரும் நாளிலேயே விமானம் போடாதீர்கள். பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதிதான், ஆனாலும் காற்று கிளம்பினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அந்த ஓர் இரவு வீணாகாது. கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் கடலோரச் சாலையில் விடியற்காலை ஓடலாம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஓடைப் பக்கம் மட்டும் கால் நனைக்க வேண்டாம். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, ஓட்டம் முடிந்து இட்லிக்கு அலைய வேண்டியதில்லை. நீலில் பெரும்பாலும் வங்காளிகள். காலையில் பூரி, மதியம் மீன் சோறு. 5 மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது, வாழைப்பழத்தை முந்தின நாள் மாலையே வாங்கி வையுங்கள்.